குரங்கணி – டாப் ஸ்டேஷன்: ஒரு பழைய சரக்குப் பாதையும் ஒத்தமரத்துத் தீயும்

தேனி மாவட்டத்துக் குரங்கணியிலிருந்து மலை உச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் வழியை 'டிரெக்கிங் ரூட்' என்று சொல்ல ஆரம்பித்ததே எங்களைப் போன்ற கைடுகள்தான். அதற்கு முன்னால் அது தேயிலைக்காரர்களின் வழி, கங்காணி பின்னால் ஆட்கள் நடந்த வழி, குதிரை முதுகில் அரிசி மூட்டை ஏறிய வழி. இன்றைக்கும் நடுவில் இருக்கிற சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற மலையூர்க்காரர்களுக்கு அது வீட்டுக்குப் போகிற பாதை, அவ்வளவுதான். 2018 மார்ச் 11ஆம் தேதி பக்கத்துக் கொழுக்குமலைச் சரிவில் மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இறந்ததைப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தத் தீயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "அனுமதி வாங்கினார்களா, இல்லையா" என்ற ஒரே கேள்வியில் நின்றுபோனது. அந்தக் கேள்வி தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அனுமதிச் சீட்டுக்குப் புல்லைத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருடங்களிலும் இந்த மலையில் கைடு வேலை பார்த்தேன். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், சில சமயம் குடும்பங்கள், எப்போதாவது வெளிநாட்டுக்காரர்கள். அப்புறம் வேறு பிழைப்புக்குப் போய்விட்டேன். போன ஜனவரியில் மறுபடி ஏறினேன், கூட வந்தவர் இந்த மலையிலுள்ள முதுவாக்குடி ஊர்க்காரர் ஒருவர், அந்தக் காலத்தில் எங்களுக்குச் சுமை தூக்க வந்தவர், இப்போது பெரியவர். இந்தக் கட்டுரை அந்த நடையைப் பற்றியும், அதைச் சாக்காக வைத்து நான் பல வருடமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த ஒரு நிகழ்வைப் பற்றியும்.

தேயிலை இறங்கிய வழி

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர். கொட்டகுடி ஆற்றை ஒட்டியே ரோடு போகும், இரண்டு பக்கமும் மாந்தோப்பும் இலவ மரமும். குரங்கணியோடு பேருந்து நின்றுவிடும், அதற்கு மேல் மலை. மலையின் உச்சியில் டாப் ஸ்டேஷன், அதற்கு அந்தப் பக்கம் குண்டளை, மாட்டுப்பட்டி, மூணாறு.

1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கிய கதை பலருக்கும் தெரியும். தோட்டம் போட்டாகிவிட்டது, விளைந்ததை எப்படிக் கீழே கொண்டுவருவது? மேற்கே கொச்சிப் பக்கம் இறங்குவதைவிடக் கிழக்கே போடிப் பக்கம் இறங்குவது அன்றைக்கு வசதியாக இருந்தது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றைப் போட்டார்கள். பாரத்தில் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின் மேல் ஓடும் சின்னச் சக்கரங்கள் தாங்கும், சாயாமல் இருப்பதற்குப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும், இழுப்பது மாடு. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் ஏற்றினால் சுமார் ஐந்து கிலோமீட்டர் தெற்கே சரிந்து கொட்டகுடியில் வந்து இறங்கும், அந்த இடத்துக்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி வழியாகக் கீழ்நாடு, அப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து. எதிர்த்திசையில் கீழ்நாட்டு அரிசியும் பருப்பும் மலைக்கு ஏறின.

ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே இது புரிந்துவிடும். மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். ரயில் எங்கே என்று கேட்காத பயணியை நான் பார்த்ததில்லை.

ரோப்வேக்குக் கீழேயே நடைபாதை. பெட்டி மேலே தொங்கிப் போகும், மனுஷன் கீழே நடப்பான். மூணாறுத் தோட்டங்களுக்கு மதுரைப் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் போன கூலிக் குடும்பங்கள் போடி மலை வழியாகத்தான் ஏறின. சுமையோடு நடப்பவர்களுக்காக வெட்டிய பாதை என்பது காலுக்கே தெரியும். செங்குத்தாக ஏறாது, வளைந்து வளைந்து ஒரே சீரான ஏற்றமாகப் போகும், வெளிவிளிம்பில் கல் அடுக்கியிருக்கும், மேல்கரை ஓரமாகத் தண்ணீர் போக ஒரு சின்ன வாய்க்கால் இருக்கும். அந்த வாய்க்காலைத் தூர்வாராமல் இரண்டு மழைக்காலம் விட்டால் தண்ணீர் பாதைக்கு நடுவில் ஓடி, கல் அடுக்கைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். ஆக, இந்தப் பாதை நின்றது கல்லால் மட்டுமல்ல, வருடா வருடம் மண்வெட்டி பிடித்த ஆட்களால்.

1924 ஜூலையில் பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099 என்பதால் அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். குண்டளை ரயில் பாதை அதோடு போனது, திரும்பக் கட்டவில்லை. மேற்கே நல்ல சாலைகள் வந்தபிறகு தேயிலையும் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், மதுரை – போடி ரயில் வந்தது அதற்கப்புறம், 1928இல். 1956இல் மாநிலம் பிரித்தபோது மூணாறு கேரளாவில் நின்றது, டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டில். ஆனால் டாப் ஸ்டேஷனுக்கு வண்டி போகிற சாலை இருப்பது மூணாறு வழியாகத்தான். கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்த டாப் ஸ்டேஷன்காரர் ஒருவர் போடி தாலுகா ஆபீசுக்கு வண்டியில் வர வேண்டுமானால் மூணாறு போய், போடிமெட்டு இறங்கி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நடந்தால் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் குரங்கணி.

நாங்கள் கைடாக வந்தபோது பாதைக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. மலைக்கிராமத்துக்காரர்கள் நடந்ததால் பாதை பாதையாக இருந்தது. குதிரை போகிற இடத்தில் புல் நெஞ்சு உயரத்துக்கு வளராது. அதை அப்போது நாங்கள் யோசித்ததில்லை, நடக்க வசதியாக இருக்கிறது என்பதோடு சரி.

2018 மார்ச் 10, 11

தெரிந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஒரு குழு, அதில் பெரும்பாலும் பெண்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு குழு. இரண்டும் சேர்த்து முப்பத்தாறு பேர் என்று அப்போது சொன்னார்கள். 10ஆம் தேதி சனிக்கிழமை குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, இரவு தங்கி, 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இறங்கினார்கள். வழியில் ஒத்தமரம் என்கிற இடத்துக்குப் பக்கம், பிற்பகலில், தீயில் மாட்டிக்கொண்டார்கள். அங்கேயே ஒன்பது பேர் இறந்தார்கள். தேனியிலும் மதுரையிலும் மற்ற ஊர்களிலும் சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராகப் போக, எண்ணிக்கை 23 ஆனது.

முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். போர்வையையும் கம்பையும் வைத்து டோலி கட்டி, இருட்டில், புகை அடங்காத சரிவில் ஆட்களைத் தூக்கி இறக்கினார்கள். தீயணைப்புத் துறை, வனத்துறை, போலீஸ், அப்புறம் விமானப்படை ஹெலிகாப்டர்கள், அந்தப் படையின் கருட் கமாண்டோக்கள் எல்லாரும் வந்தார்கள். அரசு அதுல்ய மிஸ்ரா ஐ.ஏ.எஸ்.ஸை விசாரணை அதிகாரியாகப் போட்டது. வனத்துறை அனுமதித்தது டாப் ஸ்டேஷன் பாதைக்கு, குழுக்கள் போனது கொழுக்குமலைக்கு என்பது அப்போது வனத்துறை சொன்ன விளக்கம். அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன.

யார் மேல் தப்பு என்று தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை. இறந்தவர்களில் பலர் வார இறுதியில் ஒரு மலையைப் பார்க்கலாம் என்று பணம் கட்டி வந்த இளம் வயதுக்காரர்கள். தீ எப்படிப் பிடித்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதிலும் நான் நுழையவில்லை. மார்ச் மாதத்தில் அந்தக் கிழக்குச் சரிவில் தீ பிடிப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. எனக்குள்ள கேள்வி வேறு: தீ பிடித்தபின் அந்த இடத்திலிருந்து ஏன் வெளியே வர முடியவில்லை? அதற்கான பதில் மலையின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஒரே மலை, இரண்டு பருவம்

கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. உலகத்தில் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். விடியற்காலையில் கீழே மேகம் கடலாகக் கிடக்கும், தேயிலை இலையில் பனி சொட்டும், மார்ச்சிலும் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. அந்த முகட்டுக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நாடு. கிழக்கே நம் பக்கம் அந்த மழையின் மறைவில் இருக்கிறது. நமக்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. அந்த ஈரத்தில் வளர்ந்த புல் தை வரைக்கும் பச்சையாக நிற்கும், மாசியில் மஞ்சளாகும், பங்குனி வந்தால் வைக்கோல்.

இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மேலே ஒரு இரவு தங்கியவர் காலையில் பார்ப்பது பச்சை, பனி, குளிர். அந்த மனநிலையோடு இறங்க ஆரம்பிப்பார். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடி இறங்குவதற்குள் அவர் வேறொரு பருவத்துக்குள் வந்துவிடுகிறார், அதுவும் வெயில் ஏறிய நேரத்தில். கீழிருந்து ஏறுபவருக்கு இந்த ஏமாற்றம் கிடையாது. அவர் காய்ந்த புல்லுக்குள்தான் புறப்படுகிறார், காலில் சரசரக்கும்போதே தெரிந்துவிடும். எங்கள் காலத்துக் கைடுகள் மாசி பாதியோடு கொழுக்குமலைப் பக்கம் ஆள் கூட்டிக்கொண்டு போவதை விட்டுவிடுவோம். சட்டம் ஒன்றும் இல்லை, ரேஞ்சர் சொன்னதும் இல்லை. அந்த மாதத்தில் அந்தச் சரிவில் நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, ஒத்தமரம் என்ற பெயரே அங்கே எத்தனை மரம் எதிர்பார்க்கலாம் என்று சொல்லிவிடும்.

புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் சரிவுகளில் இருப்பதை நாங்கள் போதைப்புல் என்போம். எலுமிச்சம்புல் வகை, கசக்கினால் தைல வாசம். ஆள் உயரம் வளரும் இடங்களும் உண்டு. எண்ணெய்ப் பசை உள்ள புல், காய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மரம் பிடித்து எரிய நேரம் ஆகும், மெல்லிய புல் நனைந்தாலும் காய்ந்தாலும் ஒரு மணி நேரக் கணக்குதான். காலை எட்டு மணிக்குத் தீக்குச்சி வைத்தாலும் சோம்பலாகப் புகைகிற அதே புல் மதியம் இரண்டு மணிக்குச் சீறும்.

சரிவின் கணக்கு இன்னும் கொடுமையானது. தீயியல் படித்தவர்கள் கைக்கணக்காகச் சொல்வது: சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் இரண்டு மடங்கு. இருபது டிகிரி என்றால் நான்கு மடங்கு. சுவாலை மேல்புறத்துப் புல்லை நோக்கிச் சாய்ந்து, தொடுவதற்கு முன்பே அதைக் காய்ச்சி வைத்துவிடுகிறது. பகலில் மலைச்சரிவு சூடாகும்போது காற்றும் கீழிருந்து மேலேதான் வீசும். மனுஷனுக்கோ சரிவு கூடக்கூட வேகம் குறையும். ஆகவே கீழே தீயைப் பார்த்துவிட்டு வந்த வழியே மேலே ஓடுவது, கேட்க இயல்பாக இருந்தாலும், தோற்கப் போகிற பந்தயம்.

சரி, பக்கவாட்டில் ஓடலாமே? ஓடலாம், எந்தப் பக்கம் என்று தெரிந்தால். அந்தச் சரிவு ஒரே பலகையாக இல்லை. ஓடைகள் கிழித்த வாரிகள் நிறைய. பள்ளத்தைப் பார்த்தால் ஒளிந்துகொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் வாரி என்பது தீக்குப் புகைக்கூண்டு, சூடும் புகையும் அதற்குள்தான் உறிஞ்சி ஏறும். அன்றைக்கு ஓடும்போது பள்ளத்தில் விழுந்து அடிபட்டு நகர முடியாமல் போனவர்கள் இருந்தார்கள் என்று செய்திகளில் வந்தது. போதாக்குறைக்கு, நடப்பதற்குச் சௌகரியம் என்று எல்லாரும் போடுகிற பாலியெஸ்டர் உடை சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். பழைய காலத்துக் கைடுகள் மலைக்குப் பருத்திச் சட்டையும் தோளில் ஒரு துண்டும் போட்டுக்கொண்டு வந்தது நாகரிகம் தெரியாமல் இல்லை.

இதே மாதிரி ஒரு சரிவில், இதே மாதிரிப் புல்லில், தீயை அணைக்கப் பயிற்சி பெற்றவர்களே மாட்டிய கதை ஒன்று இருக்கிறது. 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. பாராசூட்டில் குதித்த தீயணைப்பு வீரர்கள் கீழே தீ திரும்புவதைப் பார்த்து மேலே ஓடினார்கள், 13 பேர் இறந்தார்கள். தலைவர் வாக் டாட்ஜ் மட்டும் ஓடாமல் நின்று, தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து மேலே போனதும் அந்தச் சாம்பலுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டார். பெரிய தீ அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கூட இருந்தவர்களைக் கூப்பிட்டும் பார்த்தார், யாரும் நிற்கவில்லை. இந்தக் கதையை நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். படித்ததும் முதுவாக்குடிப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது. "கரிக்காட்டுக்குள்ள போயி நில்லு தம்பி, எரிஞ்சது திரும்ப எரியாது" என்று கைடு வேலைக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருக்கு மான்டனா எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இந்த ஒரு வரிதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சரிவில் இல்லாமல் போனது என்று நினைக்கிறேன். வரைபடம் இருந்திருக்கும், போன் இருந்திருக்கும். அந்த வாரம் அந்த மலைகளில் ஆங்காங்கே ஏற்கெனவே தீ இருந்ததாகவும் சொன்னார்கள், அப்படியானால் எரிந்து முடிந்த திட்டுகளும் எங்கோ இருந்திருக்க வேண்டும். எந்தத் திட்டு எவ்வளவு தூரத்தில், பாறை முகடு எந்தப் பக்கம், எந்த வாரிக்குள் இறங்கவே கூடாது என்பது அந்த மலையில் ஆடு மேய்த்தவருக்கும் தேன் எடுத்தவருக்கும்தான் தெரியும். வெளியூர்க் குழுத் தலைவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அது அவருக்குத் தெரிய வழியில்லை. பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனபோதே முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று உள்ளூர் ஆட்களைப் போடுவோம். இறக்கத்தில் முட்டி வலிக்கும், வரிசை நீண்டுவிடும், முன்னால் போகிறவருக்குத் தெரிகிற புகை பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. சரிவு வயிறு தள்ளிய இடங்களில் ஐம்பது அடிக்குக் கீழே எரிவதுகூட மேலே நிற்பவருக்குப் புகையாகத்தான் தெரியும், தீயாகத் தெரியாது.

இந்த முறை ஏறியபோது

போடிக்கு இப்போது சென்னையிலிருந்தே ரயில் வருகிறது. மீட்டர்கேஜ் 2010 கடைசியில் நின்று, அகலப்பாதையாக்கி போடி வரைக்கும் ரயில் ஓட 2023 ஜூன் ஆகிவிட்டது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஏலக்காய் வாசனை, அது மாறவில்லை.

செக்போஸ்டில் முறைப்படி பெயர் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு, விடிந்ததும் ஏறினோம். பெரியவர் முன்னால். வயது ஆகிவிட்டதே என்று நான் மெதுவாக நடந்தேன், பாதி வழியில்தான் அவர் எனக்காக மெதுவாக நடக்கிறார் என்று புரிந்தது.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கீழே வரைக்கும் பாதை நன்றாக இருந்தது. குதிரைச் சாணம் புதுசாகக் கிடந்தது, கல் அடுக்கில் சில இடங்களில் புதுக்கல் சொருகியிருந்தார்கள். அங்கேயுள்ள பழைய ரோப்வே அடித்தளத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். சுண்ணாம்புக் காரையில் பதித்த கட்டை விரல் தடிமன் போல்ட்டுகள், தலை மழுங்கி, துரு அடுக்கடுக்காக உரிகிறது. மரையில் மட்டும் இன்னும் ஒரு நட்டு இறுகிக் கிடந்தது. அதை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்தில் ஒருவர் மிளகு காய வைத்திருந்தார்.

அதற்கு மேலேதான் வித்தியாசம். சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் ஆள் நடமாட்டம் உண்டு. அதைத் தாண்டி டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிற பகுதியில் முன்பிருந்த அளவுக்குக் கால் படவில்லை. மேலே இருப்பவர்கள் மூணாறு பக்கமே எல்லா வேலையையும் முடித்துக்கொள்கிறார்கள், ஜீப் வந்துவிட்டது. மேல்கரை வாய்க்கால் தூர்ந்து, இரண்டு திருப்பங்களில் தண்ணீர் பாதையை அறுத்திருந்தது. புல் பாதைக்கு இரண்டு பக்கமும் கூரை வேய்ந்ததுபோல் சாய்ந்து நடுவில் சேர்ந்துவிட்டது. ஜனவரி என்பதால் பச்சை. கையால் விலக்கிக்கொண்டு போகும்போது முழங்கை எல்லாம் தைல வாசம். இதே புல் இரண்டு மாதம் கழித்து எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். ஒற்றையடிப் பாதையே ஒரு தீத்தடுப்புக் கோடு என்பார்கள், ஆனால் அது வெறும் மண்ணாக இருந்தால்தான். புல் மூடிய பாதையைத் தீ மதிக்காது.

ஒரு திருப்பத்தில் தென்மேற்கே கொழுக்குமலைச் சரிவு முழுசாகத் தெரியும். முன்பெல்லாம் அங்கே நின்று பயணிகளுக்கு முகடுகளின் பெயரைச் சொல்வது வழக்கம். பெரியவர் அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டார். 2018இல் அவர் மகன் டோலி தூக்கப் போனவர்களில் ஒருவன். "காட்டுக்குள்ள ஆளக் கூட்டிட்டுப் போறவன் காத்தப் பாக்கணும், கடியாரத்த பாக்கக் கூடாது" என்றார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு அங்கிருந்து பார்க்கும்போது தெளிவானது ஒன்று. டாப் ஸ்டேஷன் பாதை சரக்குக்காக வெட்டியது, அதனால் அது வாரிகளுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து போகிறது, ஒவ்வொரு வளைவிலும் ஓடையோ பாறையோ சோலைத் துண்டோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொழுக்குமலை இறக்கம் அப்படி இல்லை. அது குறுக்கு வழி, முகட்டிலிருந்து நேராகப் புல்வெளிக்குள் இறங்குகிறது. அவசரக்காரனுக்கு நல்ல வழி, ஆனால் பக்கவாட்டில் ஒதுங்க இடமில்லாத வழி. 'டாப் ஸ்டேஷனுக்கு அனுமதி, கொழுக்குமலைக்கு இல்லை' என்ற காகிதக் கோடு மலையிலேயே எழுதியிருக்கிறது. அதைக் காரணத்தோடு யாராவது கீழே செக்போஸ்டில் ஒரு பலகையில் வரைந்து காட்டியிருந்தால், படித்த பிள்ளைகள் புரிந்துகொண்டிருப்பார்கள். 'அனுமதி இல்லை' என்று மட்டும் எழுதினால் அதைத் தாண்டுவதுதான் சாகசம் என்று தோன்றுகிற வயது அது.

மாறியவை, மாறாதவை

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, நாற்பது பாதைகள், ஆன்லைனில் பதிவு. உள்ளூர் இளைஞர்களையும் பழங்குடி இளைஞர்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்துப் போட்டிருக்கிறார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகிற பாதை அதில் இருக்கிறது. தீக்காலத்தில், அதாவது பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும், மூடிவிடுகிறார்கள். நாங்கள் வாய்வழியாகப் பின்பற்றிய கணக்கும் ஏறக்குறைய இதுவேதான். இது நல்ல மாற்றம், குறை சொல்ல மனசு வரவில்லை. என் காலத்தில் இந்த மலையின் முதுவர் பழங்குடி இளைஞனுக்குச் சுமைகூலி மட்டும்தான் கிடைக்கும், கைடு சம்பளம் எங்களைப் போன்ற கீழ்நாட்டுக்காரர்களுக்கு. மலை தெரிந்தவன் மூட்டை தூக்குவான், ஆங்கிலம் தெரிந்தவன் முன்னால் போவான். அது இப்போது தலைகீழாகியிருப்பதைப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் பதிவுப் பட்டியலில் இல்லாத பாதைகளை யார் பார்ப்பது? சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மேலே உள்ள பகுதி அப்படித்தான் புல்லுக்குள் போகிறது. பாதையோரம் இரண்டு பக்கமும் ஆறடிக்குப் புல்லை மார்கழியில் அறுத்துவிட்டு, மேல்கரை வாய்க்காலைத் தூர்வாரினால் போதும். அதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், மலைக்கிராமத்துக்காரர்களுக்கு வருடத்தில் சில வாரம் கூலி வேலை. வனத்துறை தீத்தடுப்புக் கோடு போட எப்படியும் ஆள் எடுக்கிறது, அதில் இந்தப் பாதையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மலைக்கிராமத்துக்காரர்களின் கோரிக்கை வேறு. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தார்ச்சாலை வேண்டும் என்று பல வருடமாகக் கேட்கிறார்கள். பிரசவ வலியில் இருக்கிற பெண்ணை டோலியில் தூக்கி இறக்குகிற ஊரில் போய் நின்றுகொண்டு, பாதை அழகாக இருக்கிறது, சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொரு பக்கம், அந்தச் சாலை வந்தால் மூணாறு போகிற அத்தனை வண்டியும் இந்தக் காட்டுக்குள்தான் நுழையும், வழியெல்லாம் பீடித் துண்டும் சமையல் அடுப்பும். சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் மட்டும், ஜீப் போகிற அகலத்துக்கு, ஊர்க்காரர்களின் வண்டிக்கு மட்டும் என்று ஒரு நடு வழி இருக்கலாம் என்பது என் எண்ணம். பெரியவரிடம் சொன்னபோது சிரித்தார். "மொதல்ல வாய்க்கால வெட்டச் சொல்லுங்க" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகை மழை அடங்கியபிறகு, தை முடிவதற்குள் போங்கள். எந்தப் பாதைக்குப் பதிவு கிடைக்கிறதோ அதற்கு மட்டும் போங்கள். கூட வருகிற உள்ளூர் வழிகாட்டியிடம் கிளம்பும்போதே, நடுவில் புகை தெரிந்தால் எங்கே போய் நிற்போம் என்று கேளுங்கள், அவர் கையை நீட்டிக் காட்டுகிற இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி உடை போடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் ஓடை இருந்தாலும். குரங்கணிக்குப் போடியிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது, காலையில் அதைத் தவறவிட்டால் ஜீப்புக்குப் பேரம் பேச வேண்டியிருக்கும்.